ஆளில்லாத மன்றத்தில் மேல்முறையீடு: கரும்பு வழக்கில் நாம் தப்பித்தோமா?

#1 மறுதாம்பு

வணக்கம். அமெரிக்க வரி பற்றிய இழையில் ஒரு நண்பர், "ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு முடங்கியது நமக்கு நல்லதாகப் போயிற்று, சர்க்கரை வழக்கில் தப்பித்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. தனி இழையாகவே போட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு விழுப்புரம் பக்கம் நான்கு ஏக்கர் கரும்பு. அப்பா இன்றும் வெட்டு உத்தரவுக்காகக் கரும்பு அலுவலரிடம் நடக்கிறவர். அதனால் இந்த வழக்கை ஏதோ தூரத்துச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

வழக்கு இதுதான். 2019-ல் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா மீது புகார் கொடுத்தன. கரும்புக்கு நாம் தரும் ஆதரவு வரம்பைத் தாண்டுகிறது, சர்க்கரை ஏற்றுமதிக்குத் தடை செய்யப்பட்ட மானியம் தருகிறோம் என்பது புகார். 2021 டிசம்பர் 14 அன்று விசாரணைக் குழு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2014-15 முதல் 2018-19 வரை ஐந்து பருவமும் நாம் வரம்பு மீறியதாகச் சொன்னது. அந்த வரம்பு, உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம். பத்தே நாளில், டிசம்பர் 24 அன்று, இந்தியா மேல்முறையீடு செய்தது. அமெரிக்கா புதிய நியமனங்களைத் தடுத்துவந்ததால், அதைக் கேட்க அங்கே ஒரு உறுப்பினர்கூட இல்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தீர்ப்பு அமலுக்கு வராது. தப்பித்தோம் என்று நண்பர் சொன்னது இதைத்தான்.

ஆனால் அந்த ஆதரவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். அரசு அறிவிக்கும் விலையிலிருந்து ஒரு 'வெளிச்சந்தை விலை'யைக் கழிப்பார்கள். மிச்சம் முழுவதும் அரசின் ஆதரவு. அந்த வெளிச்சந்தை விலை 1986-88 காலத்தில் உறைந்து நிற்கிறது. கரும்புக்கு டன்னுக்கு 156 ரூபாய் 16 காசு! 2014-15-ல் எஃப்.ஆர்.பி., அதாவது ஆலைகள் தர வேண்டியதாக மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலை, டன்னுக்கு 2,200 ரூபாய். ஆக டன்னுக்கு 2,044 ரூபாய் அரசு ஆதரவு பெற்றவர் என் அப்பா. அதே காலத்தில் எங்கள் ஆலை (பெயர் வேண்டாம்) பதினான்கு மாதம் பாக்கி வைத்திருந்தது. கரும்பு இறங்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி என்கிறது 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. வட்டியை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தியாவின் முக்கிய வாதமே இதை ஒட்டியதுதான். அரசு கரும்பை வாங்கவில்லை, அரசுப் பணம் போகவில்லை, விலையைக் கொடுப்பது ஆலை, பிறகு இது எப்படி அரசு ஆதரவாகும்? விலையை அரசு நிர்ணயித்தாலே போதும், யார் கொடுத்தாலும் ஆதரவுதான் என்று குழு தள்ளிவிட்டது.

இது மேலே கொண்டுபோய் வாதாட வேண்டிய கேள்வி. வெற்றி கிடைக்குமா என்பது வேறு. நான்கு வருஷமாக அந்த வாதம் யார் காதிலும் விழாமல் ஒரு கோப்பில் கிடக்கிறது. அப்பா மாதிரி ஆட்களுக்கு வேண்டியது யாராவது உட்கார்ந்து கேட்பது. அதை இழந்துவிட்டுத் தப்பித்தோம் என்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

#2 ஏர்க்கால்

மறுதாம்பு தம்பி, கணக்கை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அதே கணக்கு உங்கள் முடிவுக்கு எதிராகத்தான் பேசுகிறது.

156 ரூபாய் என்பது விதியிலேயே எழுதப்பட்டது. 1994-ல் மராகேஷில் கையெழுத்துப் போட்ட அட்டவணையில் இருப்பது. எத்தனை நல்ல நீதிபதி வந்து உட்கார்ந்தாலும் அந்த எண்ணை அவரால் மாற்ற முடியாது. சட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது நீதிமன்றம் திறந்திருந்தால் யாருக்கு லாபம்? அமெரிக்காவுக்கு வருஷத்துக்கு 19.1 பில்லியன் டாலர் வரை விவசாய ஆதரவு தர உரிமை எழுதிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, பிரிட்டன் விலகும் முன், 72 பில்லியன் யூரோ. நமக்கு 10 சதவீதம், அதுவும் 1986-ம் வருஷத்து விலையில்.

நெல்லுக்கும் இதே கதைதான். டெல்டாவில் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் பார்க்கும் கருவியில் 17-க்குள் எண் வருமா என்று நெஞ்சு படபடக்க நிற்கிறானே விவசாயி, அவன் வாங்கும் விலைக்கும் இதே கழித்தல் கணக்கு. 2018-19-ல் அரிசியில் நாம் வரம்பைத் தாண்டினோம். 43.67 பில்லியன் டாலர் உற்பத்தி மதிப்பில் 5 பில்லியன் ஆதரவு என்று நாமே கணக்கு கொடுத்து, 2013-ல் பாலியில் பெற்ற 'சமாதான விதி'யின் கீழ், அதாவது வரம்பு மீறினாலும் மற்ற நாடுகள் வழக்குப் போடாது என்ற ஏற்பாட்டின் கீழ், பாதுகாப்பு கேட்டோம். அந்த விதியைப் பயன்படுத்திய முதல் நாடு நாம்தான். கரும்புக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. அரசு வாங்கிச் சேமிக்கும் அடிப்படை உணவுப் பயிருக்கு மட்டும்தான் அது.

அப்படி இருக்கும்போது, ஆளில்லாத மன்றம் நமக்குக் கிடைத்த ஒரே கேடயம். அதைக் கீழே போடச் சொல்லாதீர்கள்.

மன்றம் உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன நடந்தது? ஆன்டிகுவா என்ற குட்டித் தீவு, இணையச் சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை ஜெயித்தது. வருஷத்துக்கு 21 மில்லியன் டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்று 2007-ல் நடுவர்கள் சொன்னார்கள். அமெரிக்கா சட்டத்தை மாற்றவே இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது. அம்பலம் திறந்திருந்தாலும் அதுதான், பூட்டியிருந்தாலும் அதுதான்.

#3 பவர்டேபிள்

ஏர்க்கால் அண்ணா, உங்க கோபம் புரியுதுங்க. ஆனா எங்க பக்கத்தையும் கேளுங்க.

திருப்பூரில் எனக்கு இருபத்திரண்டு மெஷின் உள்ள சின்ன யூனிட். பெரிய ஏற்றுமதியாளரிடம் ஜாப் ஒர்க் எடுக்கிறேன். 2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், 27-ல் இன்னொரு 25 என்று இந்தியப் பொருளுக்கு அமெரிக்காவில் மொத்தம் 50 சதவீத வரி வந்தது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். அந்த வாரம் என் யூனிட்டில் குழந்தைகள் பைஜாமா ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங் முடிந்து, பாதி தைத்து, செக்கிங் மேசையில் அடுக்கியிருந்தது. பையர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று ஏற்றுமதியாளரிடமிருந்து போன். தைத்ததை என்ன செய்வது என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த அட்டைப்பெட்டிகள் ஐந்து வாரம் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. சனிக்கிழமை சம்பளத்துக்கு வீட்டில் நகையை வைத்தேன்.

என்னிடம் வேலை செய்யும் ஒரு அக்கா கேட்டார்: "இப்படி ஒரு நாட்டுக்கு மட்டும் வரி போடலாமா தம்பி? கேக்க யாரும் இல்லையா?" நான் அப்போதுதான் தேடிப் படித்தேன். போடக்கூடாது என்பதற்கு எழுத்தில் விதி இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டுக்குத் தரும் சலுகையை எல்லா உறுப்பு நாட்டுக்கும் தர வேண்டும். ஒத்துக்கொண்ட வரி வரம்புக்கு மேல் போகக்கூடாது. ரெண்டும் மீறப்பட்டது. வழக்குப் போட்டு ஜெயிக்கலாம். ஜெயித்தால் அமெரிக்கா என்ன செய்யும்? நாம் கரும்பில் செய்ததையே செய்யும். ஆளில்லாத இடத்தில் ஒரு மேல்முறையீடு. முடிந்தது.

கரும்புக்குக் கேடயம்னு சொல்றீங்க. அதே கேடயம்தாங்க எங்க கழுத்தில் கத்தி.

#4 தராசுமுள்

வர்த்தகச் சட்டம் படித்து, அதையே கற்பித்தும் வருகிறேன். சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு பேர், நான்காண்டுப் பதவி. ஒரு வழக்குக்கு மூன்று பேர் வேண்டும். புதியவரை நியமிக்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒருமித்த சம்மதமும் தேவை. ஒரு நாடு தலையசைக்க மறுத்தால் போதும். 2017-லிருந்து அமெரிக்கா அப்படி மறுத்தது. 2019 டிசம்பர் 10 அன்று இருவர் பதவிக்காலம் முடிந்தது. அவர்களில் ஒருவர் நம் நாட்டு உஜல் சிங் பாட்டியா. சீனாவின் ஹாங் சாவ் மட்டும் மிஞ்சினார், அவரும் 2020 நவம்பர் 30-ல் போனார். காலியிடங்களை நிரப்பக் கோரும் தீர்மானம் 80 முறைக்கும் மேல் வந்து, ஒவ்வொரு முறையும் அமெரிக்காவால் தடுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் குறைகளில் சிலவற்றை நான் மறுக்க மாட்டேன். 90 நாளில் முடிக்க வேண்டிய வழக்குகள் ஒரு வருஷம் இழுத்தன. முந்தைய தீர்ப்புகளைக் கட்டாய முன்னுதாரணம்போல நடத்தினார்கள். ஆனால் குறையைச் சரிசெய்வது வேறு, அடுப்பையே இடிப்பது வேறு.

ஏர்க்கால் ஐயா, உங்கள் கேடயத்தில் ஓட்டை இருக்கிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆளில்லாத மன்றத்தில் மேல்முறையீடு செய்து தீர்ப்பை முடக்கும் நாட்டின் மீது ஜெனீவாவின் அனுமதி இல்லாமலே பதிலடி கொடுக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் விதி கொண்டுவந்தது. பிரேசில் 2022 ஜனவரியில் அவசர ஆணை போட்டு, மே மாதம் சட்டமாக்கியது. தேதியைக் கவனியுங்கள். நாம் மேல்முறையீடு செய்து சில வாரங்களில். பிரேசில் நினைத்தால் இந்தியப் பொருளுக்கு வரியை ஏற்றலாம். எவ்வளவு ஏற்றினால் நியாயம் என்று அளந்து சொல்லவும் இப்போது யாரும் இல்லை. முறைப்படி தோற்றிருந்தால் அதையாவது நடுவர்கள் அளந்திருப்பார்கள்.

இன்னொன்று. 2020-ல் சில நாடுகள் சேர்ந்து, உலக வர்த்தக அமைப்பின் தகராறுத் தீர்வு உடன்பாட்டின் 25-ம் பிரிவின் கீழ் ஒரு இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டை உண்டாக்கின. பத்து நடுவர்கள் கொண்ட பட்டியல், வழக்குக்கு மூன்று பேர், 90 நாள் கெடு. ஐரோப்பிய ஒன்றியம், சீனா, கனடா இருக்கின்றன. ஜப்பான் 2023-ல் சேர்ந்தது, பிரிட்டன் 2025-ல். கொலம்பியா போட்ட உறைந்த உருளைக்கிழங்கு வரி மீதான வழக்கு அதில் போனது. 2022 அக்டோபரில் மேல்முறையீடு, டிசம்பரில் தீர்ப்பு. நம் மீது சர்க்கரை வழக்குப் போட்ட பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றுமே ஆரம்பத்திலிருந்து அதில் உறுப்பினர்கள்.

நாம் சேரவில்லை. சேர்ந்திருந்தால் மறுதாம்பு சொல்லும் அந்த வாதம், விலையை ஆலை கொடுத்தால் அரசு ஆதரவா என்ற வாதம், எப்போதோ கேட்கப்பட்டிருக்கும்.

#5 யாழ்முற்றம்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்துக் கதையையும் வைக்க விருப்பம்.

2025 ஏப்ரலில் இலங்கைக்கு அமெரிக்க வரி 44 வீதம் என்று அறிவித்தார்கள். பிறகு 30, ஓகஸ்டில் 20. ஒவ்வொரு முறையும் கொழும்பில் இருந்து ஆட்கள் வாஷிங்டன் போய்க் கேட்டுக் குறைத்தவை. என்ர தங்கச்சி இங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. எண் மாறும் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு அதே பேச்சுத்தான்.

கேட்டுப் பெறுவதற்கும் உரிமையாகப் பெறுவதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு நல்லாத் தெரியும். வளரும் நாடுகளுக்கு நிபந்தனையோடு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2005-ல் கிடைத்தது. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக அமல்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திரும்பத் தந்தார்கள். நிறுத்தியதற்கான காரணம் நியாயமானது என்பது தமிழனாக என் கருத்து. ஆனாலும் நிறுத்தியபோது வேலை இழந்தது தையல் மெசினில் இருந்த பிள்ளைகள்.

இதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐரோப்பா பாகிஸ்தான் உட்பட சில நாடுகளுக்கு மட்டும் தனிச்சலுகை கொடுத்தது. 2002-ல் இந்தியா வழக்குப் போட்டது. 2004-ல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது: வேறுபடுத்தலாம், ஆனால் அளவுகோல் வெளிப்படையாக, எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் ஐரோப்பா ஜி.எஸ்.பி. பிளஸ் என்று விதிகளோடு ஒரு திட்டத்தை உருவாக்கியது. அந்தக் கதவால்தான் இலங்கை உள்ளே போனது. ஏர்க்கால் அண்ணா, அம்பலத்தில் ஏறிய சொல் ஒன்று உண்டு. இந்தியா சொன்ன சொல்.

#6 பழைய சுங்கம்

சென்னைத் துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன். பதிலடி வரி என்பது கையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

2018 மார்ச்சில் அமெரிக்கா தேசப் பாதுகாப்பு என்று சொல்லி எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது. நாம் வழக்குப் போட்டோம். 2019 ஜூனில், வளரும் நாடு என்று அமெரிக்கா நமக்குத் தந்திருந்த ஜி.எஸ்.பி. வரிச்சலுகையையும் எடுத்துவிட்டார்கள். பதினொரு நாள் கழித்து நாம் 28 அமெரிக்கப் பொருளுக்குக் கூடுதல் வரி போட்டோம். வாஷிங்டன் ஆப்பிளுக்கு இருந்த 50 சதவீதம் 70 ஆனது. அந்த வாரம் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வரிசையில் நிற்க, பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்கான சுங்கப் பத்திரம்) எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதில் தகராறு. ஆப்பிள் வியாபாரிகள் எங்கள் மேசைக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். எஃகுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வர்த்தகச் சண்டையில் அடி எப்போதும் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரன் மேல் விழும்.

2022 டிசம்பரில் சீனா, நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி போட்ட எஃகு வழக்குகளில் அமெரிக்கா தோற்றது. 2023 ஜனவரியில் ஆளில்லாத மன்றத்தில் மேல்முறையீடு செய்தது. நாம் 2023 ஜூனில் அமெரிக்காவோடு ஆறு வழக்குகளைப் பேசி முடித்துக்கொண்டோம். ஆப்பிளுக்குப் போட்ட கூடுதல் வரியை எடுத்தோம். சமரசம் நல்லதுதான் என்று அன்று நானும் நினைத்தேன். 2025 மார்ச் 12-ல் எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் 25 வந்தது. ஜூன் 4-ல் 50 ஆனது. நம் கையில் தீர்ப்பும் இல்லை, வழக்கும் இல்லை, பதிலடி வரியும் இல்லை.

தராசுமுள் அம்மா சொல்வதில் எனக்கு ஒரு கேள்வி. அந்த இடைக்கால ஏற்பாட்டில் அமெரிக்கா இல்லையே? அப்புறம் நாம் சேர்ந்து திருப்பூருக்கு என்ன பயன்?

#7 தராசுமுள்

சரியான கேள்வி ஐயா. நேரடிப் பயன் இல்லை. அந்த ஏற்பாடு சேர்ந்தவர்களுக்குள் மட்டும்தான் செல்லும். அமெரிக்க வரிக்கு எதிராக ஓரளவாவது கேள்வி கேட்டது அமெரிக்க நீதிமன்றங்கள். 2025 மே 28 அன்று நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவசரகாலச் சட்டத்தின் கீழ் போட்ட அந்த வரிகள் செல்லாது என்றன. வழக்குப் போட்டவர்கள் ஒரு ஒயின் இறக்குமதி நிறுவனம் உட்படச் சில சின்ன அமெரிக்க வியாபாரிகளும், சில அமெரிக்க மாநிலங்களும். பவர்டேபிள் சகோதரருக்கு அங்கே போய் நிற்க வழியில்லை.

ஆனால் உலக வர்த்தகம் அமெரிக்காவோடு முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பா, ஜப்பான், பிரேசில், ஆஸ்திரேலியா, சீனா என்று நாம் வழக்காடும், நம் மீது வழக்குப் போடும் பெரிய நாடுகள் பல உள்ளே இருக்கின்றன. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி (பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஏற்ப இறக்குமதிக்கு வசூலிப்பது) நம் எஃகைப் பாதிக்கும்போது எங்கே போவோம்? ஜெயித்தாலும், நாமே வெளியே நிற்பதால் அவர்களும் நமக்கு எதிராக ஆளில்லாத மன்றத்துக்கே போகலாம்.

#8 ஏர்க்கால்

இரண்டு நாளாக யோசித்தேன். பிரேசில் சட்டம் எனக்குத் தெரியாது, அம்மா. கேடயத்தில் ஓட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன். யாழ்முற்றம் சொன்ன 2004 தீர்ப்பும் புதிது.

ஆனால் என் பயம் போகவில்லை. கரும்புத் தீர்ப்பின் தர்க்கம், விலையை அறிவித்தாலே ஆதரவு என்ற தர்க்கம், மேலேயும் உறுதியானால் நாளை எந்தப் பயிருக்கும் நாம் விலை அறிவிக்க முடியாது. கேட்கப்பட வேண்டும் என்கிறான் தம்பி. கேட்டுவிட்டு மறுத்தால்? அன்றைக்கு அது கோப்பில் கிடக்கும் வாதமாக இருக்காது, முத்திரை குத்திய சட்டமாகிவிடும். முதலில் 1986-88 விலையை மாற்றச் சொல்லி மற்ற ஏழை நாடுகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அரிசிக்கு நிரந்தரத் தீர்வு 2017-க்குள் என்று பாலியில் சொன்னார்கள். 2024-ல் அபுதாபி அமைச்சர் மாநாட்டிலும் வெறுங்கையோடுதான் எழுந்தார்கள். இதைச் செய்யாமல் நீதிமன்றத்தை மட்டும் திறந்தால் விவசாயிதான் முதலில் உள்ளே இழுக்கப்படுவான்.

#9 பவர்டேபிள்

அண்ணா, நீங்க சொல்ற வரிசை சரியா இருக்கலாம்ங்க. ஆனா விதியை மாத்தறவரைக்கும் எங்களால தாங்க முடியாது. எங்க லைனில் எட்டு யூனிட் இருந்தது, இப்ப ஐந்து.

#10 மறுதாம்பு

ஏர்க்கால் அண்ணன் எழுதியதை நேற்றிரவு அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அண்ணன் பக்கம்தான் சாய்ந்தார், சொல்லிவிடுகிறேன். 156 ரூபாய் என்றதும், "அந்த வருஷம் நம்ம நிலத்துல கரும்பே கிடையாது, மணிலாதான்" என்றார் (மணிலா என்றால் நிலக்கடலை).

பிறகு அவர் கேட்டது என்னை இன்னும் விடவில்லை. "ஆலை பாக்கி வெச்சதை அங்க யாராவது சொன்னாங்களா?"

ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள். 2018-19-ல் ஆலைகள் கரும்புப் பாக்கியைத் தீர்க்க, குவிண்டாலுக்கு 13 ரூபாய் 88 காசு வீதம் மத்திய அரசு உதவி அறிவித்தது. டன்னுக்கு 138 ரூபாய் 80 காசு. பாக்கிக்காக என்பதால் அந்தப் பணம் விவசாயி கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பது விதி. ஆனால் ஆலை தன் பங்குச் சர்க்கரையை ஏற்றுமதி செய்தால்தான் உதவி என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. அந்த நிபந்தனையால்தான் அது தடை செய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் ஆனது. 120 நாளில் திரும்பப் பெறச் சொன்ன திட்டங்களில் அதுவும் ஒன்று.

அதாவது, எங்களுக்கு வர வேண்டிய பாக்கியைத் தீர்க்க வந்த காசுதான் ஜெனீவாவில் எங்களுக்குக் கிடைத்த மானியமாக நிற்கிறது. இதை அப்பாவுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பாஸ்புக்குகளை எடுத்து, 2019-ம் வருஷத்துப் பக்கங்களை டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். எங்கள் கணக்கில் அப்படி ஒரு தொகை வந்ததாக அவருக்கு நினைவில்லை. ஒரு புத்தகம் கிடைக்கவில்லை, அதற்கு வங்கிக்குப் போய் ஸ்டேட்மென்ட் கேட்க வேண்டும். திங்கட்கிழமை போகிறோம். பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.